கிளிமூக்கு வாஷர்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் தையல் மெஷினை நிறுத்திவிடுவேன். கோபத்தோடு மிதித்தால் தையல் கோணிக்கொள்ளும். பிறகு உட்கார்ந்து பிரிக்க வேண்டும், அந்தக் கோபம் தனியாகச் சேரும். அந்த மழைக்காலத்தில் என் மெஷின் ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். "என்னக்கா, சட்டை இன்னும் ஆகலையா" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டுவிட்டுப் போனார்கள். ஆகவில்லைதான். பக்கத்துக் கடையில் நடந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டே யாருக்குக் காஜா எடுக்க மனசு வரும்?

பக்கத்துக் கடை வாஷிங் மெஷின் மெக்கானிக்குடையது. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் என் ஊசிப் பெட்டி குதிக்கும். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையலறை, அதுதான் வீடு. அவன் பெண்டாட்டியைத் தெருவில் எல்லாரும் சைட்டம்மா என்பார்கள். வெப்சைட் நடத்துகிறவள் என்பதால் வந்த பெயர். இதைக் கேள்விப்பட்டு யாரோ ஒருவர் காலி மனை இருக்கிறதா என்று விசாரிக்க வந்து, ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார்.

மழை வந்தால் மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. துணி காயாது, எல்லா வீட்டிலும் மெஷின் ஓடும், ஓடி ஓடிப் படுத்துக்கொள்ளும். பழைய மெஷினைத் திறந்தால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள், ஈரப் பஞ்சும் சோப்புக் கசடும் சேர்ந்து ஊறின நாற்றம், என் கடையில் இருக்கிற புதுத்துணியில்கூட ஏறிவிடும். டிரம்முக்கு அடியிலிருந்து சில்லறை, ஹேர்பின், குழந்தை சாக்ஸ், ஒரு தடவை யாருடையதோ பல்செட்டு. அவன் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். அவள் எதிரில் முட்டிபோட்டுப் போனில் படம் எடுப்பாள். அவனுடைய வலது கட்டைவிரல் நகம் எப்போதோ பெல்ட்டில் மாட்டிப் பிளந்தது, பிறகு சேரவே இல்லை. சைட்டில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தப் பிளந்த நகம் ஏதாவது ஒரு திருகைக் காட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாரும் போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களே என்றுதான் அவள் எழுத ஆரம்பித்தாள். தண்ணீர் வெளியே போகவில்லையென்றால் முதலில் எதைப் பார்ப்பது, கதவு திறக்கவில்லையென்றால் எதை அமுக்குவது, இந்த மாதிரி. எழுத எழுத ஆள் வந்தது. முகம் தெரியாதவர்கள் நன்றி சொல்லி எழுதினார்கள். விளம்பரமும் வந்தது. மழைக்காலத்தில் கடை சோறு போட்டது, வெயில்காலத்தில் சைட் சோறு போட்டது. ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். அவன் திறந்து பார்க்காத மெஷினைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாள். "அவர் கை படாதத நான் எழுத மாட்டேன்க்கா" என்பாள், ஏதோ கோயிலில் சத்தியம் செய்கிற மாதிரி.

அப்புறம் ஆள் வருவது நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக்கூட இல்லை, குழாயை மூடின மாதிரி. மெக்கானிக்கின் தம்பி, அவளுக்குக் கொழுந்தன், கம்பெனிகளுக்கு வெப்சைட் வளர்த்துக் கொடுக்கும் ஆபீசில் வேலை செய்கிறவன். விவரம் சொல்ல வந்தான். நல்ல பையன்தான். ஆனால் எதைச் சொன்னாலும் லாபச் செய்தி சொல்கிற மாதிரியே சொல்வான்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. ஆள் இல்லாம இல்ல. உங்ககிட்ட வர வேண்டியவங்க வழியிலயே பதில வாங்கிட்டுத் திரும்பிடறாங்க. கேள்வி கேட்டா மேலயே ஏஐ பதில் சொல்லிடுது. அப்பறம் எதுக்கு உள்ள வரணும்?"

"அந்தப் பதில் எங்கேர்ந்து வந்துச்சு? பம்பைத் திறக்கும் முன் கீழே தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அம்மாவிடம் திட்டு வாங்குவீர்கள்னு சொல்லுது. உங்கண்ணன் உங்கம்மாகிட்ட திட்டு வாங்கினது அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா போய்க் கேக்க ஆள் யாரு இருக்கா? நீங்களும் அதே வழிக்கு வந்துடுங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு டீ ஆறறதுக்குள்ள நூறு பக்கம் போட்டுடுவா. ஏஐ எழுதிடும், நீங்க ஏத்தினா போதும். எல்லா மாடலுக்கும் ஒரு பக்கம்."

"எல்லா மாடலையும் உங்கண்ணன் திறந்து பாத்துட்டாரா?"

"எதுக்குத் திறக்கணும்?"

சைட்டம்மா அவன் முன்னால் இருந்த பன் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். பாதி பன் அவன் கையில் இருந்தது, அதைத் தின்னலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

பிறகு ஒருநாள் மத்தியானம் தடுப்புக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

"அக்கா, நான் ஒரு பொய் எழுதிட்டேன்."

"யாருக்கு?"

"திருடனுக்கு."

விஷயம் இதுதான். ஒரு மாடலைப் பற்றிய பழைய பக்கத்தில், மோட்டாருக்குப் பின்னால் கிளியின் மூக்குபோல வளைந்த பச்சை ரப்பர் வாஷர் ஒன்று இருக்கிறது, அதற்குக் கிளிமூக்கு வாஷர் என்று பெயர் என்று சேர்த்திருக்கிறாள். உலகத்தில் அப்படி ஒரு சாமானே கிடையாது. பெயர் அவள் வைத்தது. 'இதைத் தொலைத்தவர் வீட்டில் மெஷின் மட்டும் ஆடாது, வீடே ஆடும்' என்று ஒரு வரி வேறு.

"இது வேற எங்கயாவது வந்தா, என்கிட்டேர்ந்து எடுத்ததுன்னு சட்டையப் புடிச்சுக் கேக்கலாம்ல?"

"ஏண்டி, யாராவது படிச்சிட்டு நெஜமாவே தேடினா?"

"யாருக்கா படிக்கறா? இப்பதான் ஈ காக்கா உள்ள வர்றதில்லையே."

"உன் புருஷன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா எடுத்துடுன்னுவார்."

நானும் சிரித்தேன். நன்றாக வேண்டும் அவர்களுக்கு என்றுதான் எனக்கும் தோன்றியது.

எலி மாட்டிவிட்டது. மழை தொடங்குவதற்குள் போனைக் கேட்டால் போன் கிளிமூக்கு வாஷரைப் பற்றிச் சொன்னது. வீடே ஆடும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. வேறு சைட்டுகளிலும் முளைத்தது. ஒன்றில் படம் வரைந்திருந்தார்கள். இன்னொன்றில் ஒரிஜினல் கிளிமூக்கையும் போலியையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெரிய கட்டுரை. சைட்டம்மா அந்த ஏஐ கம்பெனிக்கு ஆதாரத்தோடு எழுதிப் போட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது, உங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று. இது கருத்து இல்லை, திருட்டு என்று மறுபடி எழுதினாள். அதற்கும் அதே நன்றி. வீட்டில் புகுந்து எடுத்துக்கொண்டு போகிறவனாவது ஓடுவான். இவன் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறான். எனக்கு அதைக் கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போதே அவள் அதை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏனென்றால் அந்த ஒரு பக்கத்துக்கு ஆள் வர ஆரம்பித்திருந்தது. போன் சொன்ன கிளிமூக்கு எது என்று பார்க்க, விசாரித்துக்கொண்டு அவள் சைட்டுக்கு வந்தார்கள். இத்தனை வருஷம் முட்டி தேய எழுதின உண்மைக்கு வராதவர்கள் ஒரு பொய்க்கு வந்தார்கள். "இந்த மழை முடியற வரைக்கும் இருக்கட்டும்க்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஆடிட்டர் வந்தது ஒரு அடைமழை நாளில். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். அந்தக் குடியிருப்பின் மெஷின்கள் எல்லாம் மெக்கானிக்கிடம்தான் வரும். அவர் வீட்டு மெஷினுக்கு பேரிங் மாற்றிக் கொடுத்திருந்தான். குடையை மடக்காமலே கடைக்குள் வந்தார், தண்ணீர் எல்லாம் திறந்துகிடந்த ஒரு மோட்டார்மேல் சொட்டியது.

"என்னப்பா, மெஷின் பாத்ரூம்லேர்ந்து ஹாலுக்கு நடந்து வருது?"

"அன்னிக்கே சொன்னேனே சார். தரையில ஒரு ஓடு இறங்கியிருக்கு. மெஷினோட ஒரு கால மட்டும் ஏத்தி வச்சா நின்னுடும்."

"எங்க தரையக் குத்தம் சொல்லாத. கிளிமூக்கு வாஷர் எங்க?"

"என்ன வாஷர் சார்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். பச்சை ரப்பர். பின்மூடியக் கழட்டிப் பாத்தாச்சு, இல்ல. எடுத்து எந்த வீட்டுக்குப் போட்ட?"

மெக்கானிக் சிரித்துவிட்டான். அதுதான் வினையாகப் போயிற்று.

"சார், அப்படி ஒரு பார்ட்டே கெடையாது."

"கெடையாதா? இந்தா பாரு. இது உங்க வீட்டு சைட்தான? இது உன் கைதான?"

நான் தையல் மெஷினை நிறுத்தினேன். தடுப்பு இடுக்கில் பார்த்தால், அவன் அந்தப் போனைக் கையில் வாங்கித் தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அதன் கீழே எழுதியிருந்ததை உதடு அசையப் படித்தான். உள்வாசலில் சைட்டம்மா இரண்டு டம்ளர் டீயோடு வந்து நின்றிருந்தாள். அவன் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றான்.

இதைவிடத் திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு பதில் உண்டா? அன்று சாயங்காலமே குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போய்விட்டது. மெக்கானிக் பாகங்களைக் கழற்றி விற்கிறார், ஆதாரம் அவர் மனைவியின் சைட்டிலேயே இருக்கிறது என்று. இருட்டுவதற்குள் போன் வர ஆரம்பித்தது. எங்கள் மெஷினைத் திருப்பிக் கொடுங்கள், பிரித்தது பிரித்தபடியே கொடுங்கள் என்று.

நான் உள்ளே போனபோது அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சோற்றில் கை வைக்கவில்லை. பருப்பு ஆடை கட்டியிருந்தது.

"ஏன் எடுக்கல?" என்று கேட்டான். சத்தம் போடாமல் கேட்டான்.

"அது ஒண்ணுக்குத்தாங்க ஆள் வராங்க."

"என் கைக்குக் கீழ போட்டிருக்கியே. வேற படம் கெடைக்கலையா?"

"எல்லாப் படத்துலயும் உங்க கைதான இருக்கு."

"அப்ப போடாம இருந்திருக்கணும்."

"எனக்குக் கோவம்ங்க. நாம ரெண்டு பேரும் நாத்தத்துல உக்காந்து எழுதினத ஒருத்தன் ஒரு வார்த்தை கேக்காம அள்ளிட்டுப் போறான். கேட்டா நன்றிங்கறான். எனக்குக் கோவமே வரக்கூடாதா?"

"வரலாம். நல்லா வரலாம். உன் கோவத்துக்கு என் பேரயா பணயம் வைப்ப?"

அவள் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, எடுத்தவன விட்டுட்டு எழுதினவளத் திட்டறியே" என்றேன்.

"அக்கா, நீங்களும் தெரிஞ்சுதான சிரிச்சீங்க?" என்றான்.

அன்றைக்கே அவள் அந்த வரிகளை அழித்தாள். பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் எழுதினாள், கிளிமூக்கு வாஷர் என்று ஒன்று இல்லை, என் எழுத்தைத் திருடுகிறவர்களைப் பிடிக்க நானே எழுதிய பொய், நம்பியவர்கள் மன்னிக்க வேண்டும் என்று. பொய்யே எழுதாத சைட் என்று அவளுக்கு இருந்த ஒரே பெருமையையும் தன் கையாலேயே எடுத்து வெளியே போட்டாள். மறுநாள் காலையில் மூன்று பேரும் நனைந்துகொண்டு ஆடிட்டர் வீட்டுக்குப் போனோம். நான் எதற்கு என்றால், அவர்கள் இரண்டு பேருக்கும் வாய் கிடையாது.

ஆடிட்டர் கெட்ட மனுஷன் இல்லை. தலை துவட்டத் துண்டு கொடுத்தார், உட்காரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு போனில் பழைய பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்ததைக் காட்டினார்.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு. நான் வந்து கேட்டேன். உடனே இல்லேன்னு மாத்தியாச்சு. எனக்குப் பொழப்பே இதாம்மா. கேள்வி வந்தப்பறம் திருத்தின கணக்க எத்தனை பாத்திருக்கேன். புருஷனக் காப்பாத்தணும்னு பண்றீங்க, புரியுது."

"இல்ல சார். அப்ப எழுதினதுதான் பொய். இப்ப சொல்றதுதான் நெஜம்."

"அத நான் எப்படி நம்பறது? நீங்க ஒருத்தர் இல்லேங்கறீங்க. மத்த எல்லாரும் இருக்குங்கறாங்க."

"அவங்க எல்லாரும் என்னைப் பாத்து எழுதினவங்க சார்."

"எல்லாருமேவா?" என்று சிரித்தார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று எங்கள் முன்னாலேயே போனைக் கேட்டார். அது நிதானமாக, ரொம்ப மரியாதையாகச் சொன்னது. கிளிமூக்கு வாஷர் அதிர்வைக் குறைக்கும் அவசியமான பாகம். அப்படி ஒன்று இல்லை என்று சில இடங்களில் தவறான தகவல் உலவுகிறது, கவனமாக இருக்கவும்.

"யோவ், பெத்தவ எதிர நின்னு இது புள்ளையே இல்லங்கறா. அவகிட்ட கேக்காம அந்த டப்பாகிட்ட கேக்கறியே" என்று நான் கத்திவிட்டேன். மெக்கானிக் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான். துண்டை மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

மழை விடவே இல்லை. அவன் கடை மட்டும் காய்ந்து கிடந்தது. துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே வேறு மெக்கானிக்கின் வண்டியில் அந்தக் குடியிருப்பு மெஷின்கள் போகும், முன்பு இவன் பெயர் எழுதி ஒட்டிய மெஷின்களாகவே போகும். உள்ளே அவர்கள் பேசிக்கொள்வதில்லை. பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் மெஷினை நிறுத்துவேன்.

அப்படி ஒரு காலையில் கொழுந்தன் நனைந்த பையோடு வந்தான். முகமெல்லாம் பிரகாசம்.

"அண்ணே, மார்க்கெட்ல வந்துடுச்சு."

"எது?"

பையிலிருந்து சின்னச் சின்ன பாக்கெட்டுகளை எடுத்து மேசையில் கொட்டினான். கண்ணாடித்தாள் பாக்கெட், உள்ளே பச்சை ரப்பர், கிளிமூக்கு மாதிரியே வளைந்திருந்தது.

"அத்தனை பேர் கேக்கறாங்கல்ல, எவனோ அச்சு போட்டு இறக்கிட்டான். அண்ணி, இத நாமளே செஞ்சிருக்கலாம். நான் அப்பவே சொல்லணும்னு இருந்தேன். பேரே உங்களோடது."

"வெளிய போ" என்றாள் சைட்டம்மா. கொழுந்தன் என் முகத்தைப் பார்த்தான். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. போய்விட்டான்.

மெக்கானிக் ஒன்றைப் பிரித்து எடுத்தான். வளைத்துப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். எந்தப் பாகம் வந்தாலும் அப்படித்தான் பார்ப்பான். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அவன் திரும்புவதற்குள் குழுவில் செய்தி வந்துவிட்டது. என் வாடிக்கைக்காரி ஒருத்தி அந்தக் குடியிருப்பில் இருக்கிறாள், அவள் எனக்கு அனுப்பினாள். 'காணாமல் போன பாகம் திரும்ப வந்துவிட்டது. மெஷின் இப்போது ஆடவில்லை. தவறை உணர்ந்தவரை நாம் மன்னிப்போம்.' கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்கு அந்தப் போனைத் தூக்கி நடுத்தெருவில் எறியலாமா என்று வந்தது.

அவன் வந்து ஈரச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் டம்ளரை நீட்டினாள். பல நாளைக்கப்புறம் அவனிடம் பேசினாள்.

"எங்க மாட்டினீங்க?"

"மாட்ட எங்க எடம் இருக்கு? பின்மூடிக்கு உள்ள பசை தடவி ஒட்டினேன். அப்படியே கால ஏத்தி வச்சேன். நின்னுடுச்சு. ஆடிட்டர் என் கையப் புடிச்சுக்கிட்டு, இனிமே இப்படிச் செய்யாதப்பான்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்க சார்னேன்."

அவள் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். திருடாதவன் திருடினேன் என்று தலையாட்டிவிட்டு வந்து டீ குடிக்கிறான். அவன் மேசையில் கிடந்த மற்ற பாக்கெட்டுகளை வாரி எடுத்து அவள் மடியில் போட்டான்.

"என் கை படாதத எழுத மாட்டேன்னு சொல்வியே. இந்தா, பட்டாச்சு. எழுது."

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரோ மெஷினை இறக்கிக்கொண்டே, "அண்ணே, கிளிமூக்கு போட்டுத் தருவீங்கல்ல?" என்று குரல் கொடுத்தார்கள். அவன் எழுந்து போய் ஒரு பக்கம் பிடித்து இறக்கினான். போட்டுத் தருகிறேன் என்று அவன் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

அவள் மடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. மெதுவாகப் படித்தாள்.

"இதைத் தொலைத்தவர் வீட்டில் மெஷின் மட்டும் ஆடாது, வீடே ஆடும்."

"எழுதினவங்க பேர் போட்டிருக்கானாடி?" என்று கேட்டேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்லக்கா."

பிறகு லேப்டாப்பை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். எழுதத்தான் போகிறாளோ என்று பயந்தேன். அவள் பக்கம் பக்கமாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் இருந்த படங்களை அழித்துக்கொண்டு வந்தாள். பம்பைப் பிடித்திருந்த கை போயிற்று. பெல்ட்டை இழுத்திருந்த கை போயிற்று. பிளந்த நகம் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் போய்க்கொண்டே இருந்தது. மெஷினை இறக்கி வைத்துவிட்டு வந்தவன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்ன பண்ற?"

"உங்க கையத் திருப்பி எடுத்துக்கறேன்."

"எழுத்து?"

"அது போனது போனதுதாங்க."